பெட்டியை மாற்றுமுன்

நீர்வேலியின் வாழைத் தோட்டங்களைக் கடந்து பருத்தித்துறை வீதியில் ஒரு பழைய மொறிஸ் மைனர் செல்லக் கண்டால், நம் உள்ளத்தில் மரியாதை பிறக்கின்றது. 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்த பழைய கார்களின் இனமல்லவா அது!

தந்தை விட்டுச்சென்ற அத்தகைய வண்டி, முதற் கியருக்கு மாற்றும்போது கரகரத்தால், "யப்பானியப் பெட்டியைப் பூட்டிவிடுவோம்" என்பர் இளைஞர். பூட்டலாம், ஆயினும் காரணத்தை முதலில் அறிதல் நன்று. மைனரின் நான்கு முன்கியர்களில் மேல் மூன்றுக்கே சுழல்வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு உண்டு. முதற் கியருக்கு இல்லை. வண்டி ஓடும்போதே அதைத் திணித்தால் பற்கள் மோதித் தேயும். நம் ஊர் சமதரை. மெல்லச் செல்கையில் இரண்டாம் கியரே போதும். முதற் கியரை வண்டி நின்றபின் இடுக.

தேய்ந்த பற்சில்லை மாற்றிப் பழைய பெட்டியையே செப்பனிடலாம். கழற்றிய ஒழுங்கைக் குறித்துவைத்தால் பூட்டுவதில் குழப்பமில்லை. ஆனால் பழக்கம் மாறாவிடின் செப்பனிட்ட பெட்டியும் மீண்டும் கரகரக்கும். வண்டியைத் திருத்துமுன் ஓட்டும் கையைத் திருத்துவோமாக!