பெயர் மாறி வளர்ந்த கொடி

பிரான்சு தேசத்தின் போர்தோ வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெருமதிப்புடன் பயிரிடப்பெற்ற கார்மனேர் என்னும் கருந்திராட்சை, 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து கொடிகளின் வேர்களை உறிஞ்சி அழித்த பிலாக்சிரா என்ற நுண்பூச்சியின் நாசத்துக்குப் பின், தன் சொந்த மண்ணில் ஏறக்குறைய அற்றே போயிற்று. பூ உதிர்ந்து காய் பிடியாமற்போகும் சுபாவமும் அதற்கு உண்டாதலால், மறுநடவு செய்தோர் அதை நாடவில்லை. எனினும் அப்பேரழிவுக்கு முன்னரே சிலி நாட்டுச் செல்வர்கள் போர்தோவிலிருந்து தருவித்த கொடிகளோடு அதுவும் கலந்து சென்று, ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே, அந்தப் பூச்சி அண்டாத பூமியில், மெர்லோ என்ற வேறோர் இனத்தின் பெயரால் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து வந்தது.

மெர்லோ பழுத்துச் சில வாரங்கள் சென்ற பின்னரே இக்கொடி பழுக்கும். சிலி நாட்டு மெர்லோவின் இயல்பே அதுவென்று சமாதானங்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பறித்த இடங்களில், காயும் கனியும் ஒரே தொட்டியில் புளித்து, மதுவில் பச்சைக் குடைமிளகாயின் வாடை தங்கிற்று. 1994 நவம்பரில் மைப்போ பள்ளத்தாக்கின் கார்மென் தோட்டத்துக்கு வந்த ழான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர், பூக்களின் கேசரங்கள் முறுக்குண்டிருந்ததைக் கண்டு, இது மெர்லோ அன்று, கார்மனேரே என்று உரைத்தார்.

இதை அதிர்ஷ்டத்தின் விளைவென்று வர்ணிப்போரோடு நான் உடன்படேன். இலையையும் பூவையும் ஆயுள் முழுதும் உற்றுநோக்கி இனம் பிரிக்கும் சாஸ்திரத்தில் ஒருவர் பழுத்திருந்ததாலன்றோ அந்தக் கணத்தில் உண்மை புலப்பட்டது! உடனடி லாபம் எதையும் காட்டாத இத்தகைய வித்தைக்கு விவசாயக் கல்லூரிகளில் ஆசனமும் ஊதியமும் அளிப்பது அரசுகளின் கடமை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மெர்லோவுக்கு உலகச் சந்தையில் நல்ல கிராக்கி இருந்த அக்காலத்தில், யாரும் கேட்டறியாத பெயரை ஏற்பது வியாபாரிகளுக்கு எளிதன்று. ஆயினும் 1998-இல் சிலி அரசாங்கம் கார்மனேரைத் தனி இனமாக அங்கீகரித்தது. இன்று பெயுமோ போன்ற இடங்களில், கபர்னே சோவிஞோன் என்ற திராட்சை இனமும் அறுவடையான பின்னர்க்கூட, இக்கொடியின் குலைகளைக் கூதிர்காலம் முதிரும்வரை விட்டுவைத்துப் பறிக்கிறார்கள். பச்சை வாடை தணிந்து, மிருதுவும் செறிவும் கூடிய அந்தச் செந்நிற மது தன் சொந்தப் பெயராலேயே விலை போகிறது.