காற்புள்ளியும் காப்பிக் கொட்டையும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

நம் ஏற்காட்டின் உயரம் என்ன என்று கேட்டால், "கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர்" என்று ஐந்தாம் வகுப்புத் தங்கைகூட உடனே சொல்லிவிடுவாள். அதே எண்ணை அப்படியே எழுதி ஜெர்மனியில் உள்ள ஒரு மாணவியிடம் காட்டினால், அவள் அதை ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம் என்று படிப்பாள். அது எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய உயரம்! ஒரு மலையைப் பள்ளிக்கூடப் பெண்ணாகச் சுருக்கிவிட ஒரே ஒரு காற்புள்ளி போதும்.

பத்தரை என்பதை நாம் 10.5 என்று எழுதுகிறோம். ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் அதையே 10,5 என்று எழுதுகிறார்கள். நாம் ஆயிரத்தைப் பிரிக்க இடும் காற்புள்ளி, அவர்களுக்குத் தசமத்தின் அடையாளம். இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இவ்வாண்டு அறிவியல் கண்காட்சி வரும்வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் கொண்டுவந்த காப்பிதான் இன்றும் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆகவே கண்காட்சிக்குக் காப்பிக் கொட்டையின் ஈரப்பதத்தையே எடுத்துக்கொண்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் சித்தப்பா இத்தாலியில் வேலை செய்கிறார். அவர் தாம் சோதித்த மாதிரிகளின் எடையையும் ஈரப்பதத்தையும் அட்டவணையாக அனுப்பிவைத்தார். அதைக் கணிப்பொறியில் ஏற்றிச் சராசரி கேட்டோம். ஈரப்பதத்துக்குச் சராசரி வரவே இல்லை. 10,5 என்பதைக் கணிப்பொறி எண் என்றே ஒப்புக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தது.

"காற்புள்ளிதானே தொல்லை? எடுத்துவிடுவோம்" என்று அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்தோம். சராசரியும் வந்தது. நூற்றுக்கு நூற்றைந்து! சிஸ்டர் பார்த்துவிட்டு, "கொட்டை முழுவதும் தண்ணீரானாலும் நூறுதானே, குழந்தைகளே?" என்று சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டு அந்த வரிசையை மட்டும் திருத்தினோம்.

உண்மையான ஆபத்து பக்கத்து வரிசையில் இருந்தது. எடை 1,250 கிலோ என்றிருந்தது. அவர் எழுதியது ஒன்றேகால் கிலோ. காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருந்ததால், கணிப்பொறி அதை நம் வழக்கப்படி ஆயிரத்து இருநூற்றைம்பது என்று எடுத்துக்கொண்டது. பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. படம் வரைந்து, வண்ணம் தீட்டி, சுவரில் ஒட்டியும் விட்டோம். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, காப்பித் தோட்டத்தில் வளர்ந்த தோழி ஒருத்திதான், "ஒரு மாதிரிக்கு இவ்வளவா? ஐம்பது கிலோ மூட்டையாக இருபத்தைந்து மூட்டை ஆகுமே!" என்று கேட்டாள். அன்றிரவு எல்லாவற்றையும் மறுபடி வரைந்தோம்.

எங்களுக்குப் போனது ஓர் இரவுத் தூக்கம்தான். ஆனால் இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுமே காற்புள்ளி நாடுகள். ஈரம் மிகுந்தால் கொட்டை பூஞ்சை பிடிக்கும். எடையும் ஈரமும் விலையும் தவறாகப் படிக்கப்பட்டால், நஷ்டம் தோட்டத்தில் உழைப்பவர் வீடுவரை வரும். மருந்தின் அளவில் இப்பிழை நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

"உலகம் முழுவதும் நம்மைப் போலவே எழுதினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. 2003இல் பாரிசில் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு, தசமத்துக்குப் புள்ளி, காற்புள்ளி இரண்டும் சரியே என்று முடிவு செய்தது. பெரிய எண்களை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிக்க இடைவெளி மட்டுமே விடவேண்டும், அங்கே புள்ளியோ காற்புள்ளியோ கூடாது என்றும் சொன்னது. மேலும், 12,34,567 என்று நாம் இலட்சக் கணக்கில் எழுதுவதைப் பார்த்து அவர்களும் திகைக்கத்தானே செய்வார்கள்? பிறருடைய வழக்கம் பிழையாகாது. அதைக் கேட்டறியாமல் நம் வழக்கத்தை அதன்மேல் ஏற்றுவதே பிழை.

கணிப்பொறி கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். புள்ளியியல் மென்பொருள்களில் இதற்கு வழி உண்டு. 'ஆர்' என்னும் மென்பொருளில், தசமத்துக்குக் காற்புள்ளியும் வரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளியும் வரும் கோப்புகளுக்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. எக்செல்லிலும் கோப்பை ஏற்றும்போதே தசமக் குறி எது என்று சொல்லலாம். கண்ணில் பட்ட காற்புள்ளிகளையெல்லாம் அழிப்பது மருந்தாகாது. முதலில் வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்வோம். அனுப்பியவரிடம் அவர் வழக்கத்தைக் கேட்போம். ஏற்றிய பின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பார்த்து, "இது நடக்கக்கூடியதா?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். நாம் அனுப்பும் அட்டவணையின் தலைப்பிலும் நம் வழக்கத்தை எழுதிவைப்போம்.

கணக்குப் பாடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இரண்டு முறைகளையும் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று ஆசிரியைகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அன்று எங்களைக் காப்பாற்றியது கணிப்பொறியன்று, காப்பி மூட்டையைக் கண்ணால் கண்ட ஒரு தோழி. தோழியரே! எண்ணைப் படிக்குமுன் அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்போம். வீட்டுக்கு வரும் விருந்தினரை அப்படித்தானே வரவேற்கிறோம்!