அம்பேத்கர் படிச்சது சட்டம் மட்டுமா? வரிப் பங்கீட்டுச் சண்டைக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வேடு!

'உத்தரப் பிரதேசத்துக்கு 17.94 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 4.08 ரூபாய்தானா?' நிதிக்குழு பற்றிப் பேச்சு வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வி இது. எண்கள் சரிதான், 15-வது நிதிக்குழு சொன்னவை. ஆனா அந்த 100 ரூபாய் எது? அதைப் புரிஞ்சுக்க அம்பேத்கரின் படிப்பிலிருந்து தொடங்கலாம்.

முதலில் பொருளாதாரம், பிறகு சட்டம்

பரோடா சமஸ்தான உதவித்தொகையில் 1913-ல் அம்பேத்கர் நியூயார்க் போனது பொருளாதாரம் படிக்க. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியவர், வரி விஷயத்தில் பெரிய பெயரான எட்வின் செலிக்மன். 1916-ல் லண்டன் போய், பாரிஸ்டர் படிப்பிலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் ஒரே நேரத்தில் சேர்ந்தார். உதவித்தொகை முடிஞ்சதால் பாதியில் ஊர் திரும்பி, பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக வேலை பார்த்தார். 1920-ல் மறுபடி லண்டன். படிப்பை முடிச்ச பிறகுதான் பம்பாயில் வக்கீல் தொழில்.

அந்த ஆய்வேட்டில் என்ன இருக்கு?

கொலம்பியா முனைவர் பட்டத்துக்காக எழுதி, 1925-ல் நூலாக வந்தது அது. விஷயம், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி. 1833-க்குப் பிறகு கஜானா முழுக்க மத்திய அரசு கையில். மாகாணங்களுக்குச் செலவு செய்யும் வேலை மட்டும். பணம் திரட்டும் கவலை இல்லாததால் சிக்கனத்துக்கும் காரணம் இல்லை. 1871-ல் மாகாணங்களுக்குக் குறிப்பிட்ட தொகை ஒதுக்கினாங்க. 1877-ல் சில வருவாய்களையே கொடுத்தாங்க. 1882 முதல் வருவாயைப் பங்கு போட்டாங்க. யார் வசூலிக்கிறது, யார் செலவழிக்கிறது என்ற இன்றைய பிரச்சினையின் பழைய வடிவம் இதுதான்.

நிதிக்குழு அவர் யோசனையா?

அவருடையது மட்டும்னு சொல்ல முடியாது. அரசியல் நிர்ணய சபை அமைத்த நிபுணர் குழுவும் இதைப் பரிந்துரைச்சது. ஆனா வரைவுக்குழுத் தலைவராக அதைச் சபையில் கொண்டுபோனவர், இதே விஷயத்தில் ஆய்வு செஞ்ச ஒரு வக்கீல். அரசியலமைப்பின் 280-வது பிரிவுப்படி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது குடியரசுத் தலைவர் நிதிக்குழு அமைக்கணும். பங்கீடு மத்திய அரசின் மனசைப் பொறுத்தது இல்லை என்பதுதான் இதன் பலன்.

அப்போ சண்டை எதுக்கு?

ரெண்டு காரணம். முதலாவது அளவுகோல். 15-வது நிதிக்குழு 45 சதவீத மதிப்பெண்ணை, தனிநபர் வருமானம் குறைந்த மாநிலங்களுக்குச் சாதகமான அளவுகோலுக்குக் கொடுத்தது. வளர்ந்த மாநிலத்துக்கு அதில் பங்கு குறையும்.

இரண்டாவது செஸ், சர்சார்ஜ். 2000-ல் வந்த 80-வது திருத்தத்தின்படி மத்திய அரசின் மற்ற வரிகள் பொதுவாகப் பங்கீட்டுக்கு வரும், இந்த ரெண்டும் வராது. மிச்சமுள்ள வரியில்தான் மாநிலங்களுக்கு 41 சதவீதம். அதை 50 ஆக்கணும்னு 16-வது நிதிக்குழுவிடம் தமிழ்நாடு கேட்டது.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். அந்த 4.08 ரூபாய், நாம கட்டிய 100 ரூபாயிலிருந்து திரும்பி வருவது இல்லை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் நம்ம பங்கு அது. அந்தப் பங்கை மட்டும் பேசினா பாதி கதைதான். செஸ், சர்சார்ஜ் எவ்வளவு உயருதோ, பங்கு போடக் கிடைக்கும் பணமும் அந்த அளவுக்குக் குறையும். அடுத்த முறை ஃபார்வர்டு வந்தா, அதையும் சேர்த்துக் கேளுங்க.