கல்லீரலுக்குக் கஞ்சா எண்ணெயா?

சிரோசிஸ் வந்து கல்லீரல் சுருங்கிப்போன நோயாளியின் கையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளங்கை சிவந்திருக்கும், நாடி துள்ளும், வயிறு நீர் கோத்து உப்பியிருக்கும். ரத்த அழுத்தமோ 90-ஐத் தொடவே திணறும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துகிடப்பதுதான் காரணம் என்று மாணவனாக இருந்தபோதே படித்தேன். விரித்துவிட்டது எது என்று கேட்டால் நைட்ரிக் ஆக்சைடு என்பார்கள். வேறு எதுவும் உண்டா என்று மேலே கேட்டால், பரீட்சைக்கு இது போதும்.

போதாது என்று 2001-இல் காட்டியவர் ஜார்ஜ் குனோஸ். ஹங்கேரியில் மருத்துவம் படித்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய், பின்னர் அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றவர். கஞ்சாவைத் தேடி அவர் போகவில்லை. ரத்த அழுத்தத்தின் வழியாக அங்கே வந்து சேர்ந்தார். கஞ்சாவின் போதைப்பொருள் போய் ஒட்டுகிற சிபி1 என்ற ஏற்பி நம் உடம்பில் இருப்பதும், அதில் ஒட்டும் ஆனந்தமைடை உடம்பே சுரப்பதும் 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தன. சிரோசிஸ் நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களில் ஒருவகையைப் பிரித்தெடுத்து ஆரோக்கியமான எலிகளுக்குச் செலுத்தியது குனோஸின் குழு. எலிகளின் ரத்த அழுத்தம் இறங்கியது. சிபி1-ஐ அடைக்கும் மருந்து அந்த இறக்கத்தைத் தடுத்தது.

பிறகு கொழுப்பு. கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியை இதே ஏற்பி தூண்டுகிறது என்று 2005-இல் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2008 சோதனைதான். கல்லீரலில் மட்டும் சிபி1 இல்லாத சுண்டெலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டார்கள். மற்ற சுண்டெலிகளைப் போலவே அவையும் குண்டாயின. ஆனால் கல்லீரலில் அந்த அளவுக்குக் கொழுப்பு படியவில்லை; இன்சுலினும் ஒழுங்காக வேலை செய்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் செல்போனை நீட்டி, "சார், கஞ்சா எண்ணெய் லிவருக்கு நல்லதாமே, அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம்" என்கிறார்கள். பண்ணியிருக்கிறார்கள்தான். சிபி1-ஐத் தூண்டாதே, அடை என்பதல்லவா அந்த ஆராய்ச்சி! ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு வேகமாக முற்றுவதைப் பிரான்சில் 2005-இல் கண்டார்கள். கஞ்சா புழங்குகிறவர்களிடம் ஃபேட்டி லிவர் குறைவு என்று சொல்லும் கணக்கெடுப்புகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் காரணம் எது என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. எண்ணெயில் இருப்பது கஞ்சாவின் போதை தராத பொருளான சிபிடிதானே என்று சமாதானம் வேறு. வலிப்புக்கு அனுமதி பெற்ற சிபிடி மருந்திலேயே கல்லீரல் என்சைம் ஏறலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது.

அடைக்கிற மருந்தும் வந்தது. உடல் எடைக்கென்று 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமோனபான்ட், மூளைக்குள் புகுந்து அங்கிருந்த சிபி1-ஐயும் அடைத்தது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். 2008-இல் நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு இந்தியாவிலும் தடை. பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கமே வேண்டாம் என்று ஒதுங்கின. குனோஸ் ஒதுங்கவில்லை. மூளைக்குள் அதிகம் நுழையாத மூலக்கூறுகளை உருவாக்குவதில் இறங்கினார். காலாண்டு லாபக் கணக்கு காட்ட வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா என்பது சந்தேகமே. அந்த வரிசையில் வந்த மோன்லுனபான்டைக் கையில் வைத்திருந்த இன்வெர்சாகோ என்ற கனடிய கம்பெனியை 2023-இல் நோவோ நார்டிஸ்க் விலைபேசியது, 107.5 கோடி டாலர் வரை.

2024-இல் மோன்லுனபான்ட் சோதனையின் முடிவு வந்தது. தினம் 10 மில்லிகிராம், 16 வாரத்தில் 7.1 கிலோ எடைக் குறைவு. டோஸைக் கூட்டியும் எடை பெரிதாக மேலும் இறங்கவில்லை. பதற்றமும் தூக்கக் கோளாறும்தான் கூடின. பங்குச்சந்தை முகம் சுளித்தது. என் குறை வேறு. எடையையே முதன்மையாக வைத்துப் பார்த்துவிட்டார்கள். அந்த 2008 சுண்டெலிகளோ எடை குறையாமலேயே கல்லீரலைக் காப்பாற்றிக்கொண்டவை! எடைக்கு இன்றைக்கு நல்ல ஊசிகள் இருக்கின்றன. தழும்பேறிய கல்லீரலுக்குத்தான் மருந்துப் பஞ்சம். குறைந்த டோஸில், தழும்பையே முதன்மை அளவுகோலாக வைத்து இந்த வகை மருந்துகளைச் சோதிக்க வேண்டும். சிபி1-ஓடு இன்னொரு நொதியையும் சேர்த்து அடைக்கும் மூலக்கூறு ஒன்று சுண்டெலிகளின் கல்லீரல் தழும்பைக் குறைப்பதாக 2016-இல் குனோஸின் குழு காட்டியது. அதிலிருந்து தொடங்கலாம்.