விளக்கு சிறியது, பற்றரி பெரியது

இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் மண்ணில் காலூன்ற முயலும் விவசாயக் குடும்பங்களுக்கு லொறி என்பது வெறும் வாகனமல்ல. கடன்பட்டும் நகையை அடைவு வைத்தும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய லொறியாகவே அது பெரும்பாலும் இருக்கும். காலபோக நெல்லை ஆலைக்குக் கொண்டுபோவதும், மரக்கறியை இரவோடிரவாகத் தம்புள்ளைச் சந்தையில் சேர்ப்பதும் அதுவே. மாடும் யானையும் குறுக்கே வரும் வீதிகளில் மங்கிய விளக்கை நம்பிப் போக முடியாது. ஆகவே பலர் எல்.ஈ.டி. விளக்குகளை வாங்கிப் பூட்டுகிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பூட்டும் விதத்தைப் பற்றித்தான் நாம் பேசவேண்டியுள்ளது.

நாம் பார்த்த லொறிகள் பலவற்றில், பற்றரியிலிருந்து ஒரு மெல்லிய வயர் நேரே சுவிச்சுக்கும், அங்கிருந்து விளக்குக்கும் போகிறது. இடையில் பியூஸ் இல்லை. ஏன் என்று கேட்டால், "எல்.ஈ.டி. தானே, கரண்ட் இழுக்காது. அதுக்கு என்னத்துக்குப் பியூஸ்?" என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை. 12 வோல்ற்றில் பழைய 55 வாற் ஹலோஜன் விளக்கு ஏறத்தாழ நாலரை அம்பியர் எடுக்கும். 36 வாற் எல்.ஈ.டி. 3 அம்பியரே எடுக்கும். ஆனால் பியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. வயரின் உறை இரும்பு விளிம்பில் உராய்ந்து தேய்ந்து, உள்ளே உள்ள செம்பு சேசிஸைத் தொட்டுவிட்டால், மின்சாரம் விளக்குவரை போகாது. அந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது பற்றரிதான். லொறிப் பற்றரி ஒன்றால் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொடுக்க முடியும். மெல்லிய வயர் சில நொடிகளில் தணலாகிவிடும். பக்கத்தில் டீசல் குழாயும் எண்ணெய் படிந்த தூசியும். பின்னால் சாக்கும் வைக்கோலும்.

இந்த அசட்டைக்கு ஒரு காரணம் எமது கடந்த காலத்திலும் உண்டு. 1990களில், போர்க்காலத் தடையால் வடக்கில் பற்றரி கிடைக்காதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனம் எம்மை வாழவைத்தது. ஆனால் சைக்கிள் டைனமோவின் வலு 6 வோல்ற், 3 வாற். அதாவது அரை அம்பியர். வயர்கள் தொட்டுக்கொண்டால் வானொலி நின்றுபோகும், அவ்வளவுதான். அன்று பழகிய துணிவை இன்று லொறிப் பற்றரியிடம் காட்டக்கூடாது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. வேலை தொடங்குமுன் பற்றரியின் மறை வயரை முதலில் கழற்றுங்கள். முடிந்தபின் அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். உங்கள் லொறி 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் விளக்கையே வாங்குங்கள். விளக்குகளின் மொத்த வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும். 36 வாற் விளக்குகள் இரண்டு என்றால் 72 வாற். 12 வோல்ற் லொறியில் அது 6 அம்பியர். 10 அம்பியர் பியூஸ் போதும். 24 வோல்ற்றில் 3 அம்பியர். 5 அம்பியர் பியூஸ் போதும். இரண்டுக்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் பொருந்தும்.

பியூஸைப் பற்றரியின் நேர்முனைக்கு அருகில், ஒரு சாணுக்குள், வையுங்கள். பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை; அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. தகட்டில் துளையிட்டு வயரைக் கொண்டுபோகும் இடத்தில் றப்பர் வளையம் போடுங்கள். வயரைக் குழாய்க்குள் விட்டு, சைலன்சருக்குத் தூரமாக, ஆடாமல் கட்டுங்கள். மறை வயரைச் சேசிஸில் பூட்டுவதானால், அந்த இடத்தின் வர்ணத்தையும் துருவையும் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

பியூஸ் உருகினால் அது ஓர் எச்சரிக்கை. எங்கே பிழை என்று தேடவேண்டும். பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் காவல்காரனின் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எமக்கு வெளிச்சம் தரும் விளக்கு, எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைப் பறிக்கக்கூடாது. விளக்கைத் தாழ்த்திப் பூட்டுங்கள். தனிச் சுவிச் வைத்து, எதிரே ஆளோ வாகனமோ வரும்போது அணைத்துவிடுங்கள்.

விளக்கின் விலையோடு பார்த்தால் பியூஸின் விலை சொற்பம். லொறி எரிந்தால் கடன் எரியாது. அது வீட்டிலேயே இருக்கும். ஆகவே கராஜில் லொறியை எடுக்கும்போது "விளக்கு எரியுதா?" என்று மட்டும் கேட்டுத் திரும்பவேண்டாம். "பியூஸ் எங்கே?" என்றும் கேளுங்கள். வாகனத்துக்குக் கடன் கொடுக்கும் சங்கங்களும் அதே கேள்வியைக் கேட்கட்டும். கையால் தொட்டுக் காட்டும்வரை லொறியை எடுக்கவேண்டாம்.