தெளிந்தால் போதுமா?

சாயக்கழிவு நீரை ஒரு குவளையில் எடுத்து, கொஞ்சம் படிகாரம் போட்டு, நாலு சொட்டு பாலிமர் கரைசல் விட்டுக் கலக்குவார்கள். இரண்டே நிமிடம். அழுக்கு திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும். "பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு!" எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன் இந்த வித்தையை. எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: உப்பு எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. படிகாரம் அதைத் தணிக்கிறது, பாலிமரின் நீண்ட சங்கிலி துகள்களைக் கோத்துக் கனமாக்குகிறது. அவ்வளவுதான். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் கரைந்த உப்பைத் தேத்தாங்கொட்டையும் தொடாது, பாலிமரும் தொடாது. பருத்திக்குச் சாயம் ஏற்ற லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள்!

திருப்பூர் இதற்குக் கொடுத்த விலை ஊரறிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பு, இரும்பு சல்பேட், பாலிமர் எல்லாம் போட்டார்கள். உப்பு மட்டும் நொய்யலில் போய்க்கொண்டே இருந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும் ஒழுங்காக ஓடத் தொடங்கின.

பாலிமரை நான் பழிக்கவில்லை. நகராட்சிச் சாக்கடைக் கசட்டைப் பிழிந்து நீர் பிரிக்க அது இல்லாமல் முடியாது. முதல் படியை முழு வைத்தியமாக விற்பதுதான் எனக்கு ஆகவில்லை. அடியில் இறங்கிய கசடு மட்டும் என்ன, மாயமாகிவிட்டதா? சட்டப்படி அது அபாயக் கழிவு. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடந்து, சிமெண்ட் ஆலைச் சூளைக்கோ மண்நிரப்புக்கோ போயாக வேண்டும். அந்தச் செலவை விலைப்பட்டியலில் யாராவது எழுதுகிறார்களா?

ஆற்றில் விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அந்தக் குவளையை நீட்டும்போது, அதற்குள் மீட்டரை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.