ஐ7 என்ற பெயருக்குக் காசு கொடுக்கும் நாம்



சற்று நீண்ட பதிவு. உங்கள் வீட்டில் ஓ.எல். முடித்த பிள்ளை ஒன்று "கேமிங் பீசி வேணும்" என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன பெருநாள் விடுமுறையில் நமது மாணவன் ஒருவனின் உம்மா கோல் எடுத்தார். வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய காசோடு தனது சீட்டுக் காசையும் சேர்த்து, ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மகனுக்கு ஒரு கேமிங் கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார். "ஐ7, 16 ஜிபி ரெம், கிராபிக்ஸ் கார்ட்" என்று பில்லில் எழுதியிருக்கிறது. முன்பக்கம் கண்ணாடி, உள்ளே மூன்று விசிறி, ஏழு நிறத்தில் வெளிச்சம். ஆனால் விளையாட்டுத் திக்கித் திக்கி ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. "வாங்கி ரெண்டு கிழமைதான் சேர். இரவு பகலா விளையாடி இவன் பழுதாக்கிட்டான்" என்று முறையிட்டார். மகன் ஒரு மூலையில் தலைகுனிந்து இருந்தான்.

பாடசாலையின் ஐ.சி.டி. ஆசிரியரும் நாமும் போய் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பழுது ஒன்றும் இல்லை. பிள்ளை மீது பிழையும் இல்லை. உள்ளே இருந்தது ஐ7தான், ஐ7-3770. 2012ஆம் ஆண்டு வெளிவந்த சாமான். மதர்போர்டும் அதே காலத்துப் பாவித்த ஒன்று. விற்றவர் பொய் சொல்லவில்லை. "ஐ7ஆ?" என்று மட்டும் நாம் கேட்டோம், அவர் "ஓம்" என்றார். "எத்தனையாம் தலைமுறை?" என்று யாரும் கேட்கவில்லை.

குர்பானிக்கு மாடு வாங்கப் போனால் நாம் எப்படி வாங்குகிறோம்? உருவம் பெரிது என்று காசை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதை உறுதி செய்கிறோம். தெரியாதவர் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறார். ஒன்றரை இலட்சத்துக்குக் கணினி வாங்கும்போது மட்டும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம்.

புரொசசருக்கும் பல் உண்டு. அது பெயருக்குப் பின்னால் வரும் இலக்கம். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த ஆண்டின் குடும்பத்துக்குள் யார் பெரியவர் என்பதைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. ஐ7-3770 இல் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. ஐ3-12100 இல் முதல் இரண்டு இலக்கம் 12, பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டிலும் இருப்பது நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் 2022 இல் வந்த அந்த "சின்ன" ஐ3 இன் ஒரு கோர், 2012 இன் "பெரிய" ஐ7 இன் ஒரு கோரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமானது. வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற விளையாட்டுகள் தங்கியிருப்பது இந்த வேகத்தில்தான். ஏஎம்டியிலும் இப்படித்தான். ரைசன் 5 5600 என்றால் 5000 வரிசை. ரைசன் 5 1600 உம் "ரைசன் 5" தான், ஆனால் அது 2017 இன் சாமான்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும், ரைசன் என்றால் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11 இல் வலோரன்ட் விளையாட டிபிஎம் 2.0 உடன் செக்யூர் பூட்டும் கட்டாயம். அந்தப் பிள்ளையின் பெட்டிக்கு இந்தக் கதவுகள் எல்லாம் மூடியே இருந்தன.

சரி, புரொசசரை மட்டும் மாற்றினால் போதாதா என்று அந்த உம்மா கேட்டார். இந்தப் பதிவின் முக்கியமான விடயமே இதுதான். போதாது. ஏனென்றால் புரொசசரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது மதர்போர்ட். அதில் புரொசசர் உட்காரும் இடத்துக்கு சொக்கட் என்று பெயர். அவனுடைய போர்டின் சொக்கட் 1155. அதில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை தவிர வேறெதுவும் உட்காராது. ரெம்மும் டிடிஆர்3. அது புதிய போர்டுகளில் ஏறாது. ஆகவே புரொசசர், போர்ட், ரெம் மூன்றையும் தூக்கிப் போட வேண்டும். மிஞ்சுவது கிராபிக்ஸ் கார்ட், பெட்டி, பவர் சப்ளை, டிஸ்க் மட்டும்.

அதனால் நாம் சொல்வது, புரொசசரையும் மதர்போர்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டும் ஒரே முடிவு. "இன்று எது வேகம்?" என்பதோடு "மூன்று வருடத்துக்குப் பிறகு இந்தப் போர்டில் வேறு எது உட்காரும்?" என்றும் கேளுங்கள்.

இப்போதைக்கு நமக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

கை இறுக்கமாக இருந்தால், இன்டெல் 1700 சொக்கட்டில் ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப், டிடிஆர்4 ரெம் போடும் போர்ட். பிறகு அதே போர்டில் பதினான்காம் தலைமுறை வரை ஏறலாம். அல்லது ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கட்டில் ரைசன் 5 5600, பி550 போர்ட். இந்த இரண்டு சொக்கட்டுக்கும் அடுத்த தலைமுறை கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து உலகம் முழுக்க ரெம் விலை ஏறியிருப்பதால், வீட்டில் நல்ல டிடிஆர்4 ரெம் இருந்தால் அதைப் பாவிக்க முடிவது பெரிய இலாபம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது காசில்லை என்றால் ரைசன் 5 5600ஜி. படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது. வலோரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளை அது சமாளிக்கும். கார்டைப் பிறகு வாங்கலாம். மாறாக, இன்டெல்லில் பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது.

கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்க்க முடியுமானால் ஏஎம்5 சொக்கட். ரைசன் 5 7600, பி650 போர்ட். டிடிஆர்5 ரெம் மட்டுமே போடலாம், அதுதான் செலவு. ஆனால் 2022 இல் வந்த இந்தச் சொக்கட்டில் 2024 இன் 9000 வரிசையும் உட்காருகிறது. 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

கடைக்குப் போகுமுன் இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. புரொசசரின் முழு இலக்கம் என்ன?
2. போர்டின் மொடல் என்ன, சொக்கட் எது? பெயர் ஒன்றாக இருந்தாலும் ஏமாறலாம். இன்டெல்லின் 1151 சொக்கட்டில், ஏழாம் தலைமுறைப் போர்டில் எட்டாம் தலைமுறை வேலை செய்யாது.
3. பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா? பழைய பயோஸ் உள்ள பி450 போர்டில் ரைசன் 5600 ஐப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். பிள்ளை பழுதாக்கிவிட்டான் என்று அப்போதும் ஏசுவோம்.
4. ரெம் டிடிஆர் எத்தனை, போட எத்தனை இடம்?
5. புதிதா, பாவித்ததா? ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை மாத வொரன்டி? பில்லில் "ஐ7" என்று மட்டும் எழுத விடாதீர்கள். முழு மொடல் இலக்கமும் இருக்கட்டும்.

பாவித்த சாமான் வாங்குவது குற்றமில்லை. நமது வசதிக்குப் பலருக்கும் அதுதான் வழி. ஆனால் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை ஐ7, ஐ9 பாவித்ததாக வந்தால் கூடுதல் கவனம் தேவை. அவற்றுள் சில மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவதை இன்டெல்லே 2024 இல் ஏற்றுக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு வொரன்டியையும் நீடித்தது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சரியாக்காது.

இனி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். நாம் ஏமாறுவதற்குக் காரணம் தொழில்நுட்பம் தெரியாதது மட்டுமல்ல. "கேம் விளையாடத்தானே, என்னவோ ஒன்றை வாங்கிக் கொடு" என்ற அலட்சியம். விளையாட்டுப் பிடிக்கவில்லை என்பதற்காக விசாரிக்காமல் காசைக் கொடுக்கிறோம். பிறகு அது ஓடாதபோது பிள்ளையைக் குற்றவாளியாக்குகிறோம். எத்தனை மணிநேரம் விளையாடலாம் என்று கட்டுப்படுத்துவது பெற்றோரின் உரிமை. அது வேறு பேச்சு. வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டால் பிள்ளையோடு உட்கார்ந்து வாங்குங்கள். "எனக்கு விளங்கப்படுத்து, ஏன் இந்தப் போர்ட்?" என்று கேளுங்கள். விலை ஒப்பிடுவது, பட்ஜெட்டுக்குள் எதை விட்டுக்கொடுப்பது என்று யோசிப்பது, வாப்பாவின் உழைப்பு ஒவ்வொரு பாகத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று உணர்வது, இவ்வளவையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வான். நாம் வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தாலும் அந்தளவு ஏறாது.

அந்த மாணவன் இப்போது காசு சேர்க்கிறான். கிராபிக்ஸ் கார்டையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு போர்ட், புரொசசர், ரெம் மூன்றையும் மாற்றத் திட்டம். கொப்பியில் இரண்டு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான். அன்று இரவு வாப்பா வீடியோ கோலில் வந்தபோது உம்மா மகனை ஏசவில்லை. "அவன் பழுதாக்கல்ல, நாமதான் பார்க்காம வாங்கிட்டோம்" என்றார். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்ததுக்குப் பல்லைப் பார்த்துட்டு வாங்குவோம் மகன்" என்றார்.

உங்கள் கையில் யாராவது கொடுத்த விலைப்பட்டியல் இருந்தால் கீழே பதியுங்கள். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டின் சீட்டுக் காசாவது மிஞ்சட்டும்.

வஸ்ஸலாம்.